இறக்கிவைத்த பாய்மரம்

பையில் கறுப்பு ரொட்டியும் காப்பிக் குடுவையும் இருந்தன. துர்க்கு நகரத்து பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போதே காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதென்று கன்னத்தால் பார்த்துக்கொண்டேன். தென்மேற்கு. வெளித்தீவுக்குப் போய்வர அக்டோபரில் இதைவிட நல்ல காற்று கிடைக்காது.

துறையில் எங்கள் படகு மொட்டையாக நின்றது. பாய்மரம் கரையில் மரத்தாங்கிகளின் மேல் படுத்திருந்தது. அதை இழுத்துக்கட்டும் கம்பிவடங்களை அதோடு சேர்த்து ஒட்டுநாடாவால் சுற்றியிருந்தார்கள். மிக அக்கறையாக. அந்த அக்கறையைப் பார்த்துத்தான் எனக்கு முதலில் எரிந்தது.

குளிர்காலத்துக்காகப் படகுகளைக் கரையேற்றும் முன் எங்கள் படகுச் சங்கத்தில் எல்லோரும் கூடிப் பாய்மரங்களை இறக்குவோம். வராதவருடையதையும் வந்தவர்கள் இறக்கிவிடுவார்கள். வராதவர் பிறகு வந்து நன்றி சொல்ல வேண்டும். சாசேஜ் சுட மூட்டிய நெருப்பைச் சுற்றி நின்றவர்கள் அதற்குத்தான் என் முகத்தைப் பார்த்தார்கள்.

"வா ஹில்கா, உன் வேலையும் முடிஞ்சுது. ஒரு சாசேஜ் எடுத்துக்கோ," என்றார் பக்கத்துப் படகுக்காரர் ஆர்மாஸ்.

அவர் அருகில் என் தம்பி கௌக்கோ, வாயோரம் கடுகுச்சாந்தோடு.

"யாருடா இறக்கச் சொன்னது?"

"நான்தான்கா. படகைத் தூக்கத் திங்கக்கிழமை பெரிய கிரேன் வருதுல்ல."

"இன்னைக்குப் போறேன்னு போன்ல சொன்னேனே."

"சொன்னே. சும்மா பேச்சுக்குன்னு நினைச்சேன். இந்தக் குளிர்ல எவ போவா?"

படகு இருவருக்கும் சொந்தம். ஜூலை முழுவதும் அவனும் அவன் பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். நான் ஆஸ்பத்திரியில், விடுமுறை எடுத்தவர்களின் வேலையையும் சேர்த்துப் பார்த்தேன். எனக்கு இந்த ஒரு சனிக்கிழமை போதும் என்றிருந்தேன். இதற்குப் பிறகு பனி. கடல் உறைந்து இறுகிவிடும், பகல் பேருக்குத்தான் இருக்கும். அந்த மாதங்களை நான் கழிப்பது இந்த ஒரு நாளை வைத்துத்தான். இதை யாரிடமும் சொன்னதில்லை. சத்தம் போடாமல் கேட்டால் அது ஆசை இல்லையா? கத்தினால்தான் காதில் விழுமா?

"திரும்ப ஏத்து," என்றேன்.

யாரோ சிரித்தார்கள்.

"அம்மாடி, சீக்கிரமே இருட்டிடும்," என்றார் ஆர்மாஸ்.

"அப்ப சீக்கிரமா ஏத்துங்க."

கத்தியை எடுத்து ஒட்டுநாடாவை அறுத்தேன். சிரிப்பு நின்றது.

"பைத்தியமா உனக்கு? எல்லாரும் பாக்கறாங்க," என்றான் கௌக்கோ.

"பாக்கட்டும். நீ வந்து கைப்பிடியைச் சுத்து."

காது சிவக்க வந்தான். பாய்மரம் தூக்கத் துறையில் நிற்கும் கைக்கிரேனின் கைப்பிடியை என் கழுத்தைத் திருகுவதுபோல் சுற்றினான். ஆர்மாஸ் தட்டை வைத்துவிட்டு பாய்மரத்தின் அடியைப் பிடித்துக்கொண்டார். வடங்களை ஒவ்வொன்றாக நான் மாட்டினேன்.

பாயைப் பூட்டி முடித்ததும் கௌக்கோ ஒரு காலைத் தூக்கிப் படகில் வைத்தான்.

"நானும் வரேன். தனியா எப்படிப் போவே?"

"காலை எடு."

"அக்கா..."

"ஜூலைல நான் தனியா என்ன பண்றேன்னு கேட்டியா?"

காலை எடுத்தான். கயிற்றை நானே அவிழ்த்தேன்.

துறைமுக வாயைத் தாண்டியதும் பாய் காற்றை வாங்கிப் புடைத்தது, படகு சாய்ந்தது. தண்ணீரில் கோபம் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். அடங்கவில்லை. நாளை இந்த மரத்தை இறக்க மறுபடி அவர்களைத்தான் கூப்பிட வேண்டும். அதை நினைத்தபோது இன்னும் கொதித்தது. சுக்கானை வெளித்தீவுப் பக்கம் திருப்பினேன்.