சிங்கப்பூரே பார்த்துவிட்டது, சதாசிவம் பார்க்கவில்லை

சனிக்கிழமை காலையில் தம்பி குணாளன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வருகிறான். அதற்குள் அவன் சிங்கப்பூர் தொலைக்காட்சியில் என்ன பேசினான் என்பதைச் சதாசிவம் தன் காதால் கேட்டாக வேண்டும். கேட்காமல் தாம்பூலத் தட்டில் கை வைக்கக் கூடாது. விஷயம் இவ்வளவுதான். இந்தச் சின்ன விஷயத்துக்குக் குறுக்கே எத்தனை கம்பெனிக்காரன் வந்து படுத்துக்கொண்டான் என்று நினைத்தால் இப்போதும் அவருக்கு வயிறு எரிகிறது.

வியாழக்கிழமை மத்தியானம் கோத்தா திங்கியிலிருந்து மச்சினன் காளிதாஸ் போன் செய்தான். சதாசிவம் சாப்பிட்ட கையைக் கூடக் கழுவவில்லை.

"மச்சான், விசயம் தெரியுமா? ஒங்க தம்பி சிங்கப்பூர் டீவியில வந்தாராம்லா."

"வந்தா வரட்டும். அவன் மூஞ்சிய எவன் பாக்குறது?"

"ஊரே பாத்துடுச்சி மச்சான். எங்கண்ணன் என்னை ஒத்தச் சட்டையோட வீட்ட விட்டு அடிச்சி வெரட்டினாருன்னு சொல்லி அழுதாராம்."

"நீ பாத்தியா?"

"நான் எங்க பாக்குறது? சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்ல இருக்குற நம்ம சின்னம்மா மவ சொன்னிச்சி."

"பாக்காதவன்லாம் எதுக்குடா போன் பண்றீங்க?" என்று வைத்துவிட்டார்.

அடித்தது உண்மை. ஒத்தச் சட்டை என்பதும் உண்மை. அப்பா செத்த பிறகு எண்ணெய்ப்பனைத் தோட்டத்து வீட்டில் அம்மாவுக்கு இருந்த ஒரே ஆறுதல் ஒரு ரேடியோ. குணாளன் அதைத் தூக்கிக்கொண்டு போய் டவுனில் விற்றுவிட்டு, அந்தக் காசில் படம் பார்த்துவிட்டு வந்தான். கேட்டதற்குத் திருடன் வந்து எடுத்துப் போனதாகக் கதை விட்டான். சதாசிவம் கையில் கிடைத்ததால் அடித்து ரோடு வரைக்கும் விரட்டினார். போனவன் ஜொகூர் பாரு போய், பாலம் தாண்டி, சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் சேர்ந்து, அந்த ஊர்க்காரனாகவே ஆகிவிட்டான். பிறகு சாவு வீடுகளில்தான் பார்த்துக்கொண்டார்கள். அங்கேயும் அழுவதற்குத்தான் வாய் திறந்தார்கள்.

இப்போது குணாளனின் மகள் லோஷினிக்குக் கல்யாணம். அவன் பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். பெண்டாட்டி இல்லாதவன் மணவறையில் தனியாக உட்கார்ந்து பெண்ணைத் தாரை வார்க்க முடியாது. பெரியப்பாவும் பெரியம்மாவும்தான் உட்கார வேண்டும். அதனால்தான் போன மாதம் சதாசிவத்தின் மனைவி தனலெட்சுமியிடம், "அண்ணி, நீங்க ரெண்டு பேரும் இல்லாம என் பொண்ணுக்கு ஆரு இருக்கா?" என்று போனில் கேட்டிருந்தான். சதாசிவமும் பாதி இறங்கி வந்திருந்தார். இந்த நேரத்தில்தான் இந்தச் சேதி. டீவியில் நாறடித்தவன் நீட்டிய தட்டை வாங்கினால் சொந்தக்காரன் ஒவ்வொருவனும் பின்னால் சிரிப்பான். நாறடிக்காதவன் தட்டைத் திருப்பி அனுப்பினாலோ, அந்தப் பிள்ளை மணவறையில் அனாதையாக உட்காரும்.

சரி, பார்த்துவிடலாம் என்றால் எங்கே பார்ப்பது?

சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், சதாசிவம் குடியிருக்கும் பாசிர் கூடாங்கில் ஒரு காலத்தில் இதெல்லாம் ஒரு பிரச்சனையே இல்லை. பால்கனியில் ஏரியலைத் தெற்கே திருப்பிக் கட்டினால் சிங்கப்பூர் வீட்டுக்குள் வந்துவிடும். எவனையும் கேட்க வேண்டியதில்லை. பிறகு அடுக்குமாடி மேனேஜ்மெண்ட் என்று நாலு பேர் உட்கார்ந்தார்கள். ஏரியல் அசிங்கமாக இருக்கிறது, கழற்று என்றார்கள். கீழே சாக்கடை நாறுகிறதே, அது அழகா என்று கூட்டத்தில் சதாசிவம் கேட்டார். சாக்கடை இருந்த இடத்திலேயே இருந்தது. ஏரியல் மட்டும் போனது. அதன்பிறகு பசாரில் ஒரு கறுப்புப் பெட்டி வாங்கினார். உலகமே தெரிந்தது. ஒரு நாள் காலையில் ஒன்றுமே தெரியவில்லை. அரசாங்கம் அடைத்துவிட்டது, அது சட்டவிரோதம் என்றார்கள். விற்றவன் கடையை மூடிவிட்டுப் போய்விட்டான். பார்க்காதே என்று சொல்வதற்கு ஆபீஸ் இருக்கிறது. எங்கே பார்ப்பது என்று சொல்ல ஒரு நாதி கிடையாது. மிச்சமிருப்பது கூரையில் தட்டு வைத்த கம்பெனி. மழை வந்தால் படம் நின்றுவிடும். மழை இல்லாவிட்டால் நேற்றுப் போட்ட படத்தையே இன்றும் போடுவான். சிங்கப்பூர்ச் சேனல் அவனிடம் கிடையாது.

"போன்ல பாக்கலாங்க. அதுக்குன்னு ஒண்ணு எறக்கணுமாம்," என்றாள் தனலெட்சுமி.

இறக்கினார்கள். அது பேரைக் கேட்டது, பிறந்த தேதியைக் கேட்டது, ஈமெயில் கேட்டது. சதாசிவத்திடம் ஈமெயில் இல்லை. தனலெட்சுமியிடம் மகன் எப்போதோ போட்டுக் கொடுத்தது இருந்தது. ஈ ஊர்ந்தது மாதிரி எழுத்து பக்கம் பக்கமாக வந்தது. சம்மதமா என்று கேட்டது.

"என்னாத்துக்குச் சம்மதம்?"

"ஆருக்குத் தெரியும்? அமுக்குனாத்தான் உள்ள விடுவான்."

அமுக்கினார். குணாளனின் படம் சின்னதாகத் தெரிந்தது. கோட்டு வேறு போட்டிருந்தான். அதன் மேல் விரலை வைத்தார். சக்கரம் சுற்றியது. பிறகு கறுப்பாகி ஒரு வரி வந்தது. தனலெட்சுமி எழுத்துக்கூட்டிப் படித்தாள்: இந்த நிகழ்ச்சி நீங்கள் இருக்கும் நாட்டில் கிடைக்காது.

"நாட்டுல கிடைக்காதா? அந்தா ஜன்னல்ல தெரியுதுடி சிங்கப்பூரு! அவன் வீட்டுப் பொக வந்து நம்ம வீட்டுத் துணியில படியுது. பொகைக்குக் கிடைக்குது, எனக்குக் கிடைக்காதா?"

உதவி வேண்டுமா என்று ஓரத்தில் ஒரு பொம்மை கை ஆட்டியது. அதில் தனலெட்சுமி தெரிந்த மட்டும் மலாயில் எழுதினாள்: என் கொழுந்தன் பேசியதை நாங்கள் பார்க்க வேண்டும். புகாருக்கு நன்றி, வேறு உதவி வேண்டுமா என்றது பொம்மை. மறுபடி எழுதினாள். மறுபடி நன்றி சொன்னது. மூன்றாவது தடவை சதாசிவம் போனைப் பிடுங்கி அதன் அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னார். உங்கள் திருப்திக்கு எத்தனை நட்சத்திரம் என்று கேட்டது.

அன்று முழுக்க யோசித்ததில்தான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது. கடலோரம் போனால் போன் தானாகவே சிங்கப்பூர் லைனுக்குத் தாவிவிடும். ஜொகூர்க்காரன் எல்லாருக்கும் தெரியும். மீன் வாங்கப் போனவனுக்கெல்லாம் சிங்கப்பூர் உங்களை வரவேற்கிறது என்று செய்தி வரும். லைன் சிங்கப்பூர் என்றால் போனும் சிங்கப்பூரில் இருப்பதாகத்தானே அர்த்தம்? அப்புறம் எப்படி மாட்டேன் என்பான்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாசிர் பூத்தே படகுத்துறைக்குப் போனார். பலகைப் பாலத்தின் நுனி வரைக்கும் நடந்து, போனை உயரத் தூக்கிப் பிடித்தார். டிங் என்றது. வரவேற்பு வந்துவிட்டது. சதாசிவத்துக்கு அன்றைக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. குணாளன் படத்தில் விரலை வைத்தார். சக்கரம் சுற்றியது. சுற்றிச் சுற்றி, அதே வரி. நீங்கள் இருக்கும் நாட்டில் கிடைக்காது.

"இப்பத்தானடா வா வான்னு சொன்ன, நாயே!" என்று கடலைப் பார்த்துக் கத்தினார்.

வலை பிரித்துக்கொண்டிருந்த மலாய்க்காரர் நிமிர்ந்து, "யாரைத் திட்டுகிறீர்கள், பாக்சிக்?" என்று மலாயில் மரியாதையாகக் கேட்டார். சிங்கப்பூரை என்றார் சதாசிவம். அவர் தலையாட்டிவிட்டு வலைக்குத் திரும்பினார். அந்தக் கரையில் அது புதுசில்லை போலிருக்கிறது.

வீடு திரும்பி வண்டியை நிறுத்தும்போது கீழ் வீட்டுத் தேன்மொழி துணி எடுத்துக்கொண்டிருந்தாள். தினம் சிங்கப்பூர் பாக்டரிக்குப் போய் வருகிறவள். வாய் கொஞ்சம் நீளம். அவளிடம் கேட்டால் மாடி முழுக்கப் பரவும் என்றுதான் சதாசிவம் இத்தனை நேரம் கேட்கவில்லை.

"என்னா மாமா, மூஞ்சி கருவாடு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

"தம்பி டீவியில வந்தத பாக்க முடியலையா?"

சதாசிவம் அப்படியே நின்றார். "ஒனக்கு யாரு சொன்னா?"

"பஸ்ல வர்ற அத்தன பேருக்கும் தெரியும். கடலோரம் போய்ப் பாத்தீங்களாக்கும்?"

"லைன் மாறுச்சி. அப்பவும் காட்டல."

"அலமாக், மாமா! லைன் மாறுனா போன் மாறிடுமா? ஒங்க சிம் மலேசியா சிம். அது சிங்கப்பூர் நடுவுல போய்ப் படுத்தாலும் மலேசியாக்காரன்தான். என் சிம்மு சிங்கப்பூர் சிம். இங்க துணிக் கொடிக்குக் கீழ நின்னாலும் அது சிங்கப்பூர்க்காரன். அப்பிடித்தான் கம்பெனிக்காரன் கணக்குப் பாக்குறான்."

"போனுக்குமா பாஸ்போர்ட் வெச்சிருக்கானுங்க?"

"போனுக்குத்தான் மாமா மொதல்ல. நமக்கு அப்புறம்." துணிக் கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "மேல வாங்க, பாக்கலாம். ஒங்க வீட்டு நாக்காலியிலயே ஒக்காந்து பாக்கலாம்."

இதைத் தெரிந்துகொள்ளத்தான் கடல் வரைக்கும் போய் நாய் என்று கத்தினோமா என்று சதாசிவத்துக்கு ஆத்திரமாக வந்தது. ஆனாலும் படி ஏறினார்.

தனலெட்சுமியோடு மூன்று பேரும் தேன்மொழி போனின் கையகல வெளிச்சத்தின் மேல் குனிந்தார்கள். முதலில் சோப்பு விளம்பரம். பிறகு குணாளன். மூஞ்சியில் பவுடர். சிரிக்கிற ஒரு பெண் கேட்கிறாள், நீங்கள் எப்படி இந்த ஊருக்கு வந்தீர்கள் என்று. குணாளன் சொல்கிறான்: "எங்கண்ணன் என்னை அடிச்சி வெரட்டினாரு. ஒத்தச் சட்டையோட வந்தேன்." உடனே புல்லாங்குழல் வாசிக்கிறான் எவனோ. குணாளன் கண்ணைத் துடைக்கிறான். அந்தப் பெண் தலையைச் சாய்த்து ஐயோ என்கிறாள். அவ்வளவுதான். அடுத்து ஒரு சமையல்காரர் வந்துவிட்டார்.

"ரேடியோ எங்க மாமா?" என்றாள் தேன்மொழி. அந்தக் கதை மாடியில் தெரியாதவர் கிடையாது. சதாசிவமே எல்லாருக்கும் சொல்லியிருக்கிறார்.

"அதத்தான் முழுங்கிட்டானே," என்றார் சதாசிவம். "நாளைக்கு வரட்டும்."

வந்தான். பாலத்தில் நெரிசல் என்று வேர்த்து வழிய வந்து நின்றான். முடி முழுக்க வெளுத்திருந்தது. கையில் தட்டு. வெற்றிலை பாக்கு, மஞ்சள், வாழைப்பழம், நடுவில் பத்திரிகை. தனலெட்சுமி வா தம்பி என்றாள். சதாசிவம் எழுந்திருக்கவில்லை.

"தட்டக் கீழ வை."

குணாளன் வைக்கவில்லை. பிடித்துக்கொண்டே நின்றான். கல்யாணத் தட்டைத் தரையில் வைப்பது எப்படி?

"கோட்டு எங்கடா? டீவியில போட்டிருந்தியே."

"அது அவங்க கோட்டுண்ணே. பேசி முடிச்சதும் கழட்டி வாங்கிக்கிட்டாங்க."

தனலெட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சதாசிவம் ஒரு பார்வை பார்த்தார். அடங்கினாள்.

"நான் ஒன்ன அடிச்சேன். சரி. எதுக்கு அடிச்சேன்?"

"ரேடியோவ வித்ததுக்கு."

"அத ஏன் அங்க சொல்லல?"

"சொன்னேண்ணே!" குணாளன் தட்டோடு ஒரு அடி முன்னால் வந்தான். "சொன்னேன். ரெண்டு தடவ சொல்ல வெச்சானுங்க, மொதத் தடவ ஏரோப்ளேன் சத்தம் வந்துடுச்சின்னு. ரேடியோவத் திருடி வித்தேன், அம்மா மூணு நாள் சோறு திங்கல, எங்கண்ணன் அடிக்காட்டி நான் ஜெயிலுக்குத்தான் போயிருப்பேன், எல்லாஞ் சொன்னேன். எல்லாத்தையும் வெட்டிட்டானுங்க. அழுவுறத மட்டும் வெச்சிக்கிட்டானுங்க."

"வெட்டுனா நீ கேக்க மாட்டியா?"

"போன் பண்ணிக் கேட்டேன். அங்கிள், நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க, எதை வெக்கிறது எதை எடுக்கிறது எங்க இஷ்டம்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சி. போட்டேன்தான். அவ்ளோ எழுத்தை நான் எங்க படிச்சேன்? நானும் தோட்டத்துப் பள்ளிக்கூடந்தானண்ணே."

சதாசிவம் தம்பியின் முகத்தையே பார்த்தார். பொய் சொல்லத் தெரிந்த முகம்தான் அது. திருடன் வந்தான் என்று அன்றைக்கும் இதே முகத்தை வைத்துக்கொண்டுதான் சொன்னான். இவனை நம்பலாமா என்று ஒரு பக்கம் தோன்றியது. இன்னொரு பக்கம், படிக்கவிடாமல் சம்மதமா சம்மதமா என்று தன்னையும் அமுக்க வைத்தவன் நினைப்புக்கு வந்தான். வரவேற்று வாசலில் வைத்துக் கதவைச் சாத்தினவனும், நன்றி நன்றி என்று சொல்லியே கழுத்தறுத்த பொம்மையும் கூடவே வந்தார்கள். தம்பி பொய் சொல்கிறானா, கம்பெனி பொய் சொல்கிறதா? யோசிக்க ரொம்ப நேரம் ஆகவில்லை. தம்பி வாழ்க்கையில் ஒரு ரேடியோதான் திருடினான்.

"வெட்டியிருப்பான்," என்றார். "அவனுங்க செய்யக்கூடியவனுங்கதான்."

குணாளன் மூக்கை உறிஞ்சினான்.

"கல்யாணத்துல வீடியோ எடுக்க யார வெச்சிருக்க?"

"ஒரு கம்பெனி..." என்று ஆரம்பித்தவன் அண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"நான் தாரை வாக்கும்போது கேமராவத் தூக்கிக்கிட்டு எவனாவது முன்னால வந்தான்னா, செம்புத் தண்ணி பொண்ணு கையில விழாது. அவன் தலையிலதான் விழும். சொல்லி வை."

"சொல்றேண்ணே."

"எடுத்ததுல ஒரு துண்டு வெட்டக் கூடாது. நான் கொட்டாவி விட்டாலும் அப்பிடியே இருக்கணும்."

"இருக்கும்ணே."

"தட்டக் குடு."

தனலெட்சுமியையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு இரண்டு கையாலும் வாங்கினார். வாங்கினாரே தவிர, தம்பியை உட்கார் என்று சொல்லவில்லை. அதைத் தனலெட்சுமிதான் சொன்னாள்.