‘டிக்’கென்ற ஒரு சத்தம்

சசிதரன் மூன்றாம் முறையாக வண்டிச் சாவியைத் திருப்பினான். ‘டிக்’ என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். முன்விளக்குகளோ மூடுபனியில் பளிச்சென்று எரிந்தன.

“தேயிலை பேக்டரிக்கே இவருதான் மெசின் பிட்டர்,” என்றாள் பின்னிருக்கையில் சாய்ந்திருந்த அவன் அக்கா சாரதா. மூச்சு வாங்கியது. “சொந்தக் காடி நகர மாட்டேங்குது.”

“பேசாம இரு அக்கா.”

அக்காவின் இதயத்தில், மேலறையில் பிறக்கும் மின்துடிப்பு கீழறைக்குச் சரியாகப் போய்ச் சேரவில்லை என்று டாக்டர் படம் வரைந்து காட்டியிருந்தார். வியாழக்கிழமை ஈப்போ நகர ஆஸ்பத்திரியில் துடிப்பைச் சீராக்கும் பேஸ்மேக்கர் வைப்பதாக இருந்தது. இன்று செவ்வாய். காலையில் அடுப்படியில் மயங்கி விழுந்தாள். சசி நாடி பிடித்து எண்ணினான். நிமிடத்துக்கு முப்பத்திரண்டு.

ஸ்டார்ட்டரை ஸ்பானரால் தட்டினான். டிக். பேட்டரி முனைகளைச் சுரண்டினான். டிக். அவர்கள் குடியிருந்த தோட்டத்து லயம் பள்ளத்தில் இருந்தது. எந்தப் பக்கம் போனாலும் ஏற்றம். பழைய லேண்ட் ரோவரைத் தள்ளிக் கிளப்பவும் வழியில்லை.

அவன் மனைவி மலர் போனோடு ஓடி வந்தாள். “ஆம்புலன்ஸ் வேற எடத்துக்குப் போயிருக்காம். நேரமாகும்ங்கிறாங்க.”

“ரோட்டுக்கு ஓடு. திரிங்காப்லேருந்து காய்கறி லோரி எதாச்சும் வந்தா மறிச்சி நிறுத்து.”

அக்கா கண்களை மூடிக்கொண்டு சிரித்தாள். “பெயிண்ட் வாசம் இன்னும் போகல லா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குப் பொண்ணழைப்பு மாதிரி ஜோடிச்சி வச்சிருக்கான்.”

இந்த மழைக்கும் பனிக்கும் இரும்பு தாங்குவதில்லை. ஈப்போ வரை போக வேண்டுமே என்று ஞாயிற்றுக்கிழமை முழுக்க வண்டிக்கு அடியில் படுத்து, துருவைத் தேய்த்து, அடிச்சட்டத்துக்குக் கறுப்புப் பெயிண்ட் அடித்திருந்தான். காயட்டும் என்று அப்புறம் வண்டியை எடுக்கவே இல்லை.

முட்டைக்கோஸ் லோரி கிடைக்க நாற்பது நிமிடமானது. டிரைவருக்கும் சசிக்கும் நடுவில் அக்கா. அவள் மணிக்கட்டை விடாமல் எண்ணிக்கொண்டே வந்தான். ஒரு வளைவில், எண்ணுவதற்கு எதுவும் இல்லாமல் போனது.

“எத்தன மணிக்கு மயக்கம் வந்துச்சு?” என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்.

“ஏழு இருபது.”

அவர் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார்.

“கொஞ்சம் முன்னாடியே வந்திருந்தா, டாக்டர்?”

டாக்டர் பேனாவை மூடினார். “உக்காருங்க,” என்றார்.

பிற்பகலில் வீட்டுக் கூடத்தில் அக்காவைக் கிடத்தியிருந்தார்கள். பெண்களின் அழுகை வாசல்வரை கேட்டது. சசி வண்டிக்கு அடியில் இருந்தான்.

“சனங்க பாக்குறாங்க தம்பி,” என்றார் பக்கத்து வீட்டு ராமையா. “இப்ப போயி காடியை நோண்டிக்கிட்டு.”

“அஞ்சு நிமிசம் மாமா.”

ஸ்டார்ட்டர் எரிந்துபோயிருக்க வேண்டும், பேட்டரி உள்ளுக்குள் செத்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டான். அப்படியானால் அது யார் கையிலும் இல்லை. ஆனால் வோல்ட் மீட்டர், பேட்டரி நன்றாக இருக்கிறது என்றது.

அப்போதுதான் விளக்குகள் நினைவுக்கு வந்தன. ஸ்டார்ட்டரின் செம்புச் சுருள் காந்தமாகி என்ஜினைச் சுழற்ற, விளக்குகளுக்கு வேண்டியதைப்போலப் பல மடங்கு மின்சாரம் வேண்டும். அதை அது இழுக்கும்போது விளக்கு மங்கித்தான் ஆக வேண்டும். காலையில் மங்கவே இல்லை. அப்படியென்றால் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் ஓடவே இல்லை. பேட்டரியிலிருந்து போகிற மின்சாரம் திரும்பி வரவும் வழி வேண்டும். விளக்குகளுக்கு அந்த வழி சட்டமே; ஸ்டார்ட்டருக்கோ என்ஜினையும் சட்டத்தையும் இணைக்கும் தடித்த எர்த் கேபிள்.

அதன் போல்ட்டைக் கழற்றினான். சட்டத்தில் கேபிள் முனை உட்கார்ந்திருந்த இடம் கறுப்பாக, வழவழவென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கேபிளைக் கழற்றிவிட்டு அவன் அடித்த பெயிண்ட். பெயிண்ட் மின்சாரத்தை விடாது. போல்ட்டின் மரை வழியாகக் கசிந்தது ஒரு ‘டிக்’குக்கு மட்டும் போதும்.

உப்புத்தாளை எடுத்து இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை தேய்த்தான். போல்ட்டை இறுக்கினான். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான்.

முதல் சுற்றிலேயே என்ஜின் கிளம்பியது. கூடத்தில் அழுகை சட்டென்று நின்றது.

மலர் வாசலுக்கு வந்தாள். வண்டியையும் அவனையும் பார்த்தாள்.

“என்னங்க கோளாறு அதுல?”

அவன் என்ஜினை நிறுத்தினான்.

“கேபிளுக்கு அடியில பெயிண்ட் இருந்துச்சு,” என்றான். “சுரண்டிட்டு இறுக்கினேன். ஸ்டார்ட் எடுத்துக்கிச்சு.”