எட்டாம் கட்டத்துக்கு விழுந்த நட்சத்திரங்கள்

"சிப்பாயா வந்தா பின்னாடி ஓட முடியாதாம். துப்பாக்கியோட வர்றவனப் பாத்துட்டு அப்படியே நிக்கறதா? டெலீட் பண்ணிட்டேன்."

"செஸ் ஆடறவன் துப்பாக்கி கேம் பக்கம் வரமாட்டான். துப்பாக்கி கேம் ஆடறவனுக்கு செஸ் புடிக்காது. யாருக்குடா தம்பி இதச் செஞ்ச?"

"குதிரை கெடச்சவன் ஜெயிக்கறான். மத்தவன் எல்லாம் சாகறான். ஒரு ஸ்டார்."

கேமுக்கு வந்த இந்த ரிவ்யூவெல்லாம் எல்வினுக்கு மனப்பாடம். 'எட்டாம் கட்டம்' அவன் தனியாளாகச் செய்த மொபைல் கேம். சதுரங்கப் பலகைதான் போர்க்களம். ஆடுகிறவன் ஒரு சதுரங்கக் காயாக மாறி, அதன் கண் வழியாகப் பார்த்துச் சுட வேண்டும். யானை நேராக ஓடும், குதிரை சுவரைத் தாண்டும். சிப்பாய்க்கு முன்னால் போவது மட்டும்தான். கடைசிக் கட்டத்தை எட்டினால் ராணியாகலாம். பெரும்பாலும் எட்டுவதில்லை.

சேலத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, மலைமேல் செம்மநத்தத்தில் அம்மாவுக்கு எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டில் உட்கார்ந்து இதைச் செய்தான். ஸ்டோரில் ஏற்றிய பிறகு ரேட்டிங் இரண்டரை நட்சத்திரத்துக்கு மேல் ஏறவில்லை. பெங்களூரில் ஒரு கம்பெனிக்காரர் மட்டும் பேசினார். மாதக் கடைசிக்குள் நாலைத் தொட்டால் கேமையும் எடுத்துக்கொள்கிறோம், உன்னையும் எடுத்துக்கொள்கிறோம் என்றார். தொடாவிட்டால் எஸ்டேட் வேலைதான்; காபிப் பழம் அரைக்கிற ஷெட்டில் ஓர் ஆள் குறைகிறது, எல்வினை அனுப்பு என்று கணக்கெழுதும் ரைட்டர் ஏற்கெனவே அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தார்.

அம்மா ஞானசுந்தரி காபி பறிக்கிறவள். மகன் படுகிற பாடு அவளுக்குப் புரிந்தது. கேம் புரியவில்லை. எல்வினின் தங்கை ஷெர்லினிடம் கேட்டாள்.

"ஏன் கண்ணு, இந்த நச்சத்திரத்த யாரு வேணும்னாலும் குடுக்கலாமா?"

"போன் இருந்தாக் குடுக்கலாம்மா."

பழம் பறிக்கும் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு. இடுப்பு வலியிலோ காய்ச்சலிலோ ஒருத்தி பின்தங்கிவிட்டால், எடை போடுவதற்கு முன் மற்றவர்கள் அவள் சாக்கில் ஆளுக்கு இரண்டு கைப் பழம் போடுவார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதில்லை. ஞானசுந்தரி எத்தனையோ சாக்கில் போட்டிருக்கிறாள். அந்த ஞாயிற்றுக்கிழமை எல்வின் லேப்டாப்பைப் பழுது பார்க்கச் சேலம் போயிருந்தான். ஆராதனை முடிந்ததும் அவள் சர்ச் ஆட்களையும் பறிப்புக் கூட்டத்தையும் வீட்டுக்கு அழைத்தாள். நெட் அந்த வீட்டில்தான் இருந்தது. வாசலிலும் கோழிக்கூண்டுப் பக்கமும் ஆட்கள் குந்தினார்கள். எல்லோருக்கும் வரக்காப்பி.

"என் போனுல எடமே இல்லீங்க்கா, அத்தனையும் பேத்தி போட்டோ" என்றாள் சரஸ்வதி.

"ரெண்ட அழிச்சுட்டு ஏத்து. நச்சத்திரத்தக் குடுத்துட்டு அப்பறம் கேம அழிச்சுக்கோ."

ஜீப் ஓட்டும் காளியப்பன் மட்டும் கொஞ்சம் ஆடிப் பார்த்தான். "ஏனுங்க ஞானக்கா, ராஜாவச் சுட்டா ஆட்டம் முடிஞ்சுருமாமா?"

"அப்படித்தான் சொன்னான்."

"அப்பறம் எதுக்குங்க இத்தன சிப்பாயச் சாவடிக்கறானுங்க? நேரா அவனச் சுட்டுட்டு ஊட்டுக்குப் போலாமல்லொ?"

"நீ நச்சத்திரத்தப் போடுடா மொதல்ல!"

என்ன எழுதுவது என்று பலருக்கும் தெரியவில்லை. ஷெர்லின் ஒரு வரியை அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். எல்லோரும் அதையே ஒட்டினார்கள்.

எல்வின் திரும்பி வரும் பஸ்ஸில், அடிவாரத்தில் வண்டி நின்றபோது போனைப் பார்த்தான். ரேட்டிங் நாலைத் தாண்டியிருந்தது. பக்கத்து சீட்காரரிடம் காட்டலாமா என்றுகூட நினைத்தான். கீழே தள்ளிப் படித்தான்.

"கேம் நொம்ப நல்லா இருக்குதுங்க. எல்லாரும் ஆடுங்க."

"கேம் நொம்ப நல்லா இருக்குதுங்க. எல்லாரும் ஆடுங்க."

விரல் வலிக்கும்வரை தள்ளினான். மாறவில்லை. பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் சிக்னல் போய்விட்டது. போனாலும் அவனுக்குத் தெரியும், என்ன வரப்போகிறது என்று.

மறுநாள் ஸ்டோரிலிருந்து மெயில் வந்தது. ஒரே நெட் இணைப்பிலிருந்து ஒரே சொற்களில் பொய்யான கருத்துகள். கேம் நீக்கப்பட்டது, கணக்கு நிரந்தரமாக மூடப்பட்டது. எல்வின் மேல்முறையீடு எழுதினான். இவர்கள் நிஜமான மனிதர்கள், என் ஊர்க்காரர்கள் என்றான். அனுப்பிய கையோடு பதில் வந்துவிட்டது. முடிவு இறுதியானதாம். யாரும் படித்திருக்க முடியாத வேகம்.

பெங்களூர்க்காரர் போனில் கேட்டார்: "ஃபேக் ரிவ்யூ போட்டியாப்பா?"

"இல்லீங்க சார். எல்லாம் நிஜ ஆளுங்க."

"கேம் ஆடினாங்களா?"

எல்வின் போனை மறு காதுக்கு மாற்றினான். அவர் வைத்துவிட்டார்.

ஷெர்லினுக்கு மட்டும் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அம்மாகிட்ட சொல்லாதண்ணா. செத்துரும்."

சாயங்காலம் ஞானசுந்தரி வேலை முடிந்து வந்தாள். தலைத்துண்டை அவிழ்க்கக்கூட இல்லை. "எத்தன ஆச்சு சாமி? சரசு கேட்டுக்கிட்டே இருந்தா."

"கேம் இல்லம்மா. எடுத்துட்டாங்க."

"எதுக்கு?"

அவள் விரல்களில் பழப்பிசின் கறுத்திருந்தது. எல்வின் அதையே பார்த்தான். "ஆளு பத்தலைன்னுட்டாங்கம்மா."

ஞானசுந்தரி வாசற்படியில் உட்கார்ந்தாள். சற்று நேரம் கையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துக் கிளியூர்க்காரங்களையும் கூட்டியாந்திருக்கோணும்" என்றாள். "ஒரு வார்த்த சொன்னா வந்திருப்பாங்க. நாந்தான் சொல்லாம உட்டுட்டேன்."

"ஆமாம்மா" என்றான் எல்வின்.

பிறகு, ஷெட்டுக்குக் காலையில் எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று கேட்டான்.