இருநூற்றுப் பன்னிரண்டு கேள்விகள்

தம்பி வீட்டுக்குள் நுழைந்த நர்ஸ், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். சாப்பாட்டு மேசையருகே உட்கார்ந்திருந்த தம்பி மனைவி, இடது கையை நாற்காலியோடு சேர்த்துத் துண்டால் இறுகக் கட்டியிருந்தாள். வலது கட்டைவிரல் மட்டும் செல்போனில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

"என்னம்மா இது கோலம்? கைக்கு என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகல அண்ணி. ஊசி போட்டுப் படுத்திருக்கறவங்களுக்கு ஒரு கைதானே சும்மா இருக்கும்? உங்க வெப்சைட்ல தேடுற பட்டன் மேல மூலையில இருக்கு, விரல் எட்டல. கீழ இறக்கணும்."

"மூணு நாளா இதே கூத்துதான்க்கா," என்றான் தம்பி, அடுப்படியிலிருந்து.

டயாலிசிஸ் நோயாளிகள் சந்தேகம் கேட்கவும் தான் பதில் சொல்லவும், பதினைந்து வருஷத்துக்கு முன் நர்ஸ் தட்டுத்தடுமாறி உண்டாக்கிய வலைத்தளம் அது. அதைக் கட்டியிருந்த மென்பொருளின் பழைய பதிப்பு மாதக் கடைசியோடு நின்றுவிடும், புதியதற்கு மாறாவிட்டால் தளம் திறக்காது என்று அறிவிப்பு வந்ததும் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தம்பி மனைவி கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவள்தான். ஆனால் கல்யாணமாகி ஆறு வருஷமாக அளந்து அளந்து பேசுகிறவளிடம் எப்படிக் கேட்பது? மனசுக்குள் அவளுக்கு 'அழுத்தக்காரி' என்று பேரே வைத்திருந்தாள். கடைசியில் கேட்டபோது அழுத்தக்காரி, "பாக்கறேன் அண்ணி," என்று மட்டும் சொல்லி மடிக்கணினியைத் திறந்தாள்.

ஓடிக்கொண்டிருந்த தளத்தில் அவள் கைவைக்கவே இல்லை. அப்படியே ஒரு நகல் எடுத்து, அதைத்தான் புதிய பதிப்புக்கு மாற்றிப் பார்த்தாள். ஆரம்ப வருஷங்களில் பழைய எழுத்துருவில் அடித்த கேள்விகளெல்லாம் கட்டங்களாக உடைந்து வந்தன. முக்கால்வாசியை ஏதோ நிரல் எழுதிச் சரிசெய்துவிட்டாள். இருநூற்றுப் பன்னிரண்டு மட்டும் மசியவில்லை.

"விட்டுடும்மா," என்றாள் நர்ஸ். "பழசுதானே. கேட்டவங்கள்ல பாதிப் பேர் இப்ப இல்ல."

"கேட்டவங்க இல்லன்னா என்ன அண்ணி? கேள்வி இருக்கே. போன வாரம்கூட ரெண்டு பேர் இதத் தேடிப் படிச்சிருக்காங்க."

ஆபீஸ் முடிந்து வந்து, பழைய தளத்தைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொன்றாகத் திரும்ப அடித்தாள். நர்ஸ் பின்னால் நின்று படித்தாள். 'தாகம் தாங்கல சிஸ்டர் ஐஸ்கட்டி ஒன்னு வாயில போடலாமா.' அந்த மனுஷனின் முகம் அவளுக்கு ஞாபகம் வந்தது.

"அது 'ஒண்ணு'ல்ல? திருத்திடேன்."

"அவர் அப்படித்தானே எழுதியிருக்கார்," என்றாள் திரும்பாமலே.

இத்தனை வருஷமாகத் தான் நோயாளியின் நரம்பைத் தொட்டுத் தேடுகிற பதனம் இவள் விரல்களிலும் இருக்கிறது என்று நர்ஸுக்கு அப்போதுதான் தோன்றியது. இவளுக்கா பேர் வைத்தோம் என்று வெட்கமாக இருந்தது.

டயாலிசிஸ் வார்டுக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தம்பி மனைவி தளத்தை மாற்றினாள். பக்கம் வெள்ளையாக நின்றது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். "போச்சா?" என்றாள் நர்ஸ். தம்பி மனைவி பதறவில்லை. நிரலை வரி வரியாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனாள், பழைய பதிப்பின் மிச்சமாக ஒட்டிக்கொண்டிருந்த ஒரு துண்டைக் கண்டுபிடித்து எடுத்தாள். பக்கம் திறந்தது. எல்லாக் கேள்விகளும் இருந்தன. அவள் ஒரு டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, உடனே இன்னொன்று ஊற்றிக்கொண்டதை நர்ஸ் பார்த்தாள்.

"இவ்வளவு பயத்த எங்கம்மா வச்சிருந்த?"

தம்பி மனைவி சிரித்தாள். அவள் பதில் சொல்வதற்குள் திரையின் உச்சியில் புதிதாக ஒரு வரி வந்து விழுந்தது. 'நாளைக்கு எனக்கு முதல் தடவை. பயமா இருக்கு. யாராவது இருக்கீங்களா?'

அவள் மடிக்கணினியை நர்ஸ் பக்கம் தள்ளினாள். நர்ஸ் நாற்காலியை அவளோடு ஒட்டி இழுத்துப் போட்டுக்கொண்டாள். பதில் எழுதும் வெள்ளைக் கட்டத்தில் சின்னக் கோடு ஒன்று விட்டுவிட்டு மின்னிக்கொண்டிருந்தது.