பின்னால் விசிறி வைத்த விமானம்

ரப்பர் தோட்டத்து இளைஞர் மன்றக் கூடத்தில் ஒரு மூலை காலியாகக் கிடந்தது. தோட்டக் கணக்கெழுதும் கிராணி சுப்பிரமணியம் அங்கே கேரம் பலகை போட வேண்டும் என்றார். ராவாங் நகரத் தொழிற்சாலையிலிருந்து சனிக்கிழமைதோறும் வீட்டுக்கு வரும் தேவதாஸ், மாதிரி விமானம் செய்ய மேசை போட வேண்டும் என்றான்.

"ஒன்னாச்சும் பறந்துச்சா லா?" என்றார் கிராணி. "ஞாயித்துக்கெழமை பந்துத் திடல்ல கோல் கம்பத்துலேருந்து விடு. நடுக்கோட்டத் தாண்டுனா மூலை ஒனக்கு. இல்லேன்னா கேரம்."

அந்த மூலை தேவதாசைவிட அவன் அக்காள் கங்காவுக்குத்தான் அதிகம் தேவைப்பட்டது. இருபது வருஷமாகப் பால்மரம் வெட்டும் அவள் கைக்கு, தம்பிக்காக மரம் செதுக்குவதில் புது ருசி தட்டியிருந்தது. ஆனால் தோட்டத்து லயத்தின் குறுகிய வீட்டில் செதுக்கினால் தூளெல்லாம் சோற்றுப் பானையில் விழுந்தது.

"என்னடா இது, வாலு முன்னுக்கு இருக்கு, விசிறி பின்னுக்கு இருக்கு?" என்று தம்பி கொண்டுவந்த விமானப் படத்தைப் பார்த்துக் கேட்டாள்.

தேவதாசுக்கு அது போதும், விளக்கத் தொடங்கிவிட்டான். ஆதிகாலத்துச் சண்டை விமானத்தில் விசிறி மூக்கில் இருந்தது. நேராகச் சுட்டால் குண்டு சொந்த விசிறியையே உடைக்கும். விசிறியின் இதழ்களுக்கு நடுவே குண்டு போகும்படி நேரம் பார்த்துச் சுடும் பொறி அப்போது கைக்கு வரவில்லை. அதனால் சிலர் விசிறியைப் பின்னால் வைத்து, சுடுகிறவனை மூக்கில் உட்காரவைத்தார்கள். வாலையே முன்னுக்குக் கொண்டுவந்து சோதித்துப் பார்த்தவர்களும் உண்டு.

"கோழி பின்பக்கமா பறக்குற மாரி இருக்கு," என்றாள் கங்கா. ஆனாலும் லேசான புலாய் மரத்துண்டை எடுத்து, பால்வெட்டும் கத்தியாலேயே விசிறியைச் செதுக்கி முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பாதித் தோட்டம் திடலில் நின்றது. விசிறியைச் சுழற்றும் ரப்பர் நாடாவைத் தேவதாஸ் கவனமாக முறுக்கினான். "விசிறி பின்னால இருக்கில்ல, அதனால வழக்கமா முறுக்குற பக்கத்துக்கு நேரெதிரா முறுக்கணும்," என்று எல்லாருக்கும் விளக்கினான். கணக்கு சரிதான். கையை விட்டான். விமானம் பின்னுக்குப் பாய்ந்து கிராணியின் தொப்பையில் முட்டி விழுந்தது.

"சண்டை விமானம்தான்! ஆனா யாரு பக்கம்னுதான் தெரியல," என்றார் கிராணி. திடலே சிரித்தது.

தேவதாசின் காது சிவந்தது. "கணக்குத் தப்பாதுக்கா..."

கங்கா விமானத்தைத் தூக்கி, விசிறி இதழின் நுனியைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள். இடப்பக்கம் உயரம், வலப்பக்கம் தாழ்வு. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பால்மரத்தில் வெட்டு எப்போதும் அப்படித்தான் இறங்கும். பட்டைக்குள் பால்குழாய்கள் லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுவதால், அப்படி வெட்டினால்தான் நிறையக் குழாய் அறுபட்டுப் பால் அதிகம் வடியும். படத்தில் இதழின் சாய்வு எதிர்ப்பக்கம் இருந்தது. கைதான் படத்தைப் பார்க்கவில்லை.

"நான் மரம் வெட்டுற மாரியே வெட்டிப்புட்டேன்டா. விசிறியும் திரும்பிருச்சு, நீயும் திருப்பி முறுக்குன. சும்மா வழக்கம்போல முறுக்கு."

தேவதாஸ் விரலைக் காற்றில் சுழற்றிப் பார்த்தான். பிறகு வழக்கமான பக்கமே முறுக்கினான்.

இந்த முறை விமானம் வாலை முன்னே நீட்டிக்கொண்டு, தும்பி போல இரைந்து கிளம்பியது. நடுக்கோட்டைத் தாண்டியது. அந்தப் பக்கக் கோல் கம்பத்துக்கு மேலே ஏறி, செம்பனைக் கன்றுகளுக்குள் இறங்கியது. கூட்டம் அதன் பின்னால் ஓடியது.

கிராணி கூடத்துச் சாவியைத் தேவதாசிடம் நீட்டினார். கங்கா இடையில் கைநீட்டி வாங்கிக்கொண்டாள்.

"கேரம் பலகையையும் கொண்டாங்க, கிராணி ஐயா."

"ஏம்மா, ஜெயிச்சது நீங்கதானே?"

"றெக்கை ஒட்டிக் காயவைக்க மேடு பள்ளம் இல்லாத பலகை ஒன்னு வேணும். றெக்கை காயவைக்காத நாள்ல நீங்க வெளையாடுங்க."