இரண்டு மாடிகளுக்கு நடுவே

லிப்ட் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு நின்றது. விளக்கும் அணைந்தது.

அவள் அப்பாவின் படத்தை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள். மறு கையில் மகள் பொட்டுவின் விரல்கள். பக்கத்தில் தம்பி. மேலே, ஐந்தாம் மாடிக் கூடத்தில், அப்பாவோடு வேலை பார்த்தவர்கள் அவருடைய நினைவுக் கூட்டத்துக்காகக் காத்திருந்தார்கள்.

"கரண்ட் போயிடுச்சு, வந்துடும்," என்று தம்பி போன் வெளிச்சத்தைப் போட்டான். சிக்னல் இல்லை. அபாய மணியை அழுத்தினான். அது வாயே திறக்கவில்லை.

லிப்ட் மெக்கானிக்கின் மகளுக்கு லிப்ட் என்றாலே உதறல் என்று சொந்தபந்தமெல்லாம் கேலி செய்யும். எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் அவள் கண் படிக்கட்டைத்தான் தேடும். இன்று பொட்டு கால் வலிக்கிறது என்று சிணுங்கியதால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஏறியிருந்தாள்.

"அம்மா, உன் கை ஏன் இப்படி ஈரமா இருக்கு?"

"ஒண்ணுமில்லடா. வேர்வை."

புழுக்கம் ஏறியது. தம்பிக்குச் சும்மா இருக்கத் தெரியாது. படத்தைப் பார்த்து, "இவரு இருந்திருந்தா இப்போ நம்மளை உக்கார வெச்சு கேரம் கதை ஆரம்பிச்சிருப்பாரு," என்றான்.

ஆமாம், ஆரம்பித்திருப்பார். வேலை எப்படிப் போகிறது என்று யாராவது கேட்டால், "ஏற்ற இறக்கமாத்தான் போகுது," என்று சொல்லிவிட்டு, அந்தப் பழைய ஜோக்குக்குத் தானே முதலில் சிரிப்பார். விடுமுறை வந்தால் கேரம் பலகையைப் போட்டுவிடுவார். எதிராளி அடிக்கும் நேரம் பார்த்து இருமுவார். பேத்தியிடமும் அதே அழுகுணி ஆட்டம்தான். அவளுக்காகப் பால்கனியில் பிஸ்கட் டப்பாவும் கயிறும் கப்பியும் வைத்து, பொம்மைகளுக்கென்றே ஒரு லிப்ட் கட்டிக் கொடுத்திருந்தார். டப்பாவின் கதவைச் சாத்தினால்தான் கொக்கி விலகிக் கயிறு நகரும். அந்த ஒரு கொக்கிக்காக மூன்று விடுமுறை நாட்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்.

தம்பி கதவின் இடுக்கில் விரலைக் கொடுத்து இழுத்தான். உள்கதவு நகர்ந்தது. வெளிக்கதவின் கொக்கியைத் தேடித் தட்டி அதையும் தள்ளினான். சட்டென்று வெளிச்சம் வந்தது. கீழ்ப்பாதி வெறும் சுவர். அவன் நெஞ்சளவு உயரத்தில் மேல்மாடியின் தரை. அதற்கு மேலே ஓர் ஆள் தவழ்ந்து போகும் அளவுக்கு இடைவெளி.

"அவ்வளவுதான் விஷயம்! குட்டியை முதல்ல தூக்கி விடறேன். அப்புறம் நீ ஏறு."

"வேண்டாம்."

"என்னக்கா வேண்டாம்? மூச்சு முட்டுது!"

"தாத்தா சொல்லியிருக்காரு," என்றாள் பொட்டு. "கதவு தொறந்திருந்தா லிப்ட் நகராது."

"கேட்டியா? நம்ம அப்பா சொன்னதுதான்." அவன் குனிந்து குழந்தையின் இடுப்பைப் பிடித்தான்.

தம்பி நடை பழகிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு சாயங்காலம், அப்பா வேலையிலிருந்து வந்து வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டே நின்றார். தட்டின் முன்னால் உட்கார்ந்தவர் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. அவள் துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் சொன்னார்.

"நடுவுல நின்ன லிப்ட்லேர்ந்து ஒருத்தர் ஏறி வெளிய வந்திருக்காரும்மா. பாதி உடம்பு வெளிய இருக்கறப்பவே லிப்ட் நகர்ந்து..." மீதியை அவர் சொல்லவில்லை. "கதவு தொறந்திருந்தா நகரக் கூடாது. ஆனா எவனோ சோம்பேறி கதவுப் பூட்டுக்குப் போற கம்பியை, பூட்டை விட்டுட்டு, நேரா சேத்து முறுக்கி வெச்சிருக்கான். எந்த லிப்ட்ல எவன் என்ன பண்ணி வெச்சிருக்கான்னு யாருக்குத் தெரியும்? நின்னுட்டா உக்காந்துடு. யார் கூப்பிட்டாலும் ஏறாத."

அன்றிலிருந்து அவளுக்கு லிப்ட் ஆகாது.

பொட்டு ஏற்கெனவே மாமாவின் கையில் இருந்தாள். சின்னத் தலை இடைவெளியை நோக்கி எழும்பிக்கொண்டிருந்தது. படம் கீழே விழுந்து கண்ணாடி உடைந்தது. அவள் மகளின் இரண்டு கால்களையும் கட்டிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"விடுடா! விடு அவளை!"

"பைத்தியமா உனக்கு? அவளுக்கு வலிக்குது!"

"வலிக்கட்டும். விடுடா!"

அவள் அலறல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. குழந்தை வீறிட்டது. தம்பி திகைத்துப் பிடியைத் தளர்த்தினான். மூவரும் மூலையில் ஒருவர்மேல் ஒருவராகச் சரிந்தார்கள்.

அப்போது கரண்ட் வந்தது. விளக்கு எரிந்தது. கதவு திறந்தது திறந்தபடியே இருக்க, லிப்ட் கீழே இறங்கியது.

மேல்மாடியின் தரை அவர்கள் கண்முன் ஏறி, இடைவெளி ஒடுங்கி, ஒரு கோடாகி, காணாமல் போனது. சுவர் உரசிக்கொண்டு ஓடியது.

அடுத்த தளத்தில் லிப்ட் நின்றபோது, அப்பாவின் கூட்டாளியான ஸ்பேனர் மாமா படிகளில் மூச்சிரைக்க ஓடிவந்துகொண்டிருந்தார். திறந்த கதவையும் மூவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கதவை நீங்களா தொறந்தீங்க? வழியிலயா?"

"ஆமா மாமா," என்றாள். "ஆனா ஏறல."

அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பிறகு உள்ளே போய்ப் படத்தை எடுத்து, சட்டைத் துணியாலேயே கண்ணாடித் தூளைத் தட்டிவிட்டு, மெயினை அணைக்கச் சொல்லி ஆள் அனுப்பினார். எல்லாரும் படியேறினார்கள். தம்பி பொட்டுவை யாரிடமும் தரவில்லை. தானே சுமந்து ஏறினான். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று அவள் தலையைத் தடவிப் பார்த்தான்.

கூடத்தில் அவளைப் பேச அழைத்தபோது, யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்து போயிருந்தது. அப்பா சாப்பிடாமல் எழுந்துபோன அந்தச் சாயங்காலத்தைச் சொன்னாள். பிறகு இப்போது நடந்ததைச் சொன்னாள். முன்வரிசையில் இருந்த மெக்கானிக்குகள் தலை குனிந்து கேட்டார்கள். அவர்களில் ஒருவர் எழுந்து கீழே இறங்கிப் போனார், இந்த லிப்ட்டிலும் அந்தக் கம்பி முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க.

தம்பியின் முறை வந்தது. மைக்கைப் பிடித்தான். "அப்பா கேரம்ல ஏமாத்துவாரு," என்றான். கூடம் குபீரென்று சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். அவளும் சிரித்தாள். மடியில் தூங்கிப்போன பொட்டுவின் கால்களைப் பிடித்திருந்த கைகளை மட்டும் எடுக்கவில்லை.