முப்பத்தெட்டு எழுத்தாளர்களும் ஒரு படிக்கட்டும்

மனித குலம் எழுத்தைக் கண்டுபிடித்த நாள்தொட்டு இன்றுவரை நிகழ்ந்த அறிவுப் பெருநிகழ்வுகளில், இந்த நூலகத்தின் இளம் படைப்பாளர் போட்டிக்கு ஈடாகச் சொல்ல வேறொன்று இல்லை.

இது முதன்மை நூலகர் எழுதிய வரவேற்புரையின் முதல் வரி. கழிவறை பூட்டியிருப்பதால் வருகிறவர்கள் வீட்டிலேயே போய்விட்டு வரவும் என்பது இரண்டாவது வரி.

முதன்மை நூலகர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து, இரண்டாம் நூலகர் ஒருவர் இருப்பார் என்று நினைத்துவிடக் கூடாது. இருப்பது அவர் ஒருவர்தான். அவருக்குக் கீழே முத்திரை அக்கா என்று எல்லோரும் கூப்பிடும் உதவியாளர், பின்கட்டில் ஒரு பைண்டர். அவ்வளவுதான் படை. ஆனால் படைக்கு இருந்த சட்டங்கள் அறுபத்து நான்கு. எல்லாம் நூலகர் தம் கைப்பட எழுதியவை. கண்ணாடிச் சட்டம் போட்டு, மேல்தளத்துக்குப் போகும் படிக்கட்டின் அடியில் மாட்டியிருந்தார்.

பதினெட்டு வயது ஆகாதவர்கள் அந்தப் படிக்கட்டில் கால் வைக்கக் கூடாது என்பது விதி எட்டு. அவர்களுக்குக் கீழ்த்தளம். அங்கே இருநூற்றுப் பன்னிரண்டு புத்தகங்கள். எல்லாம் பெரிய எழுத்து, பக்கத்துக்கு ஒரு படம்.

துருவிக்கு வயது பதினைந்து. எதைச் சொன்னாலும் "ஏன்?" என்று துருவித் துருவிக் கேட்டதால் வீட்டில் வைத்த பெயர் அது. இருநூற்றுப் பன்னிரண்டையும் அவள் பன்னிரண்டு வயதிலேயே முடித்துவிட்டாள். கேரட்டைத் தொலைத்த முயலின் கதையை மட்டும் ஏழு தடவை. கேரட் எங்கே இருக்கிறது என்று முயலைவிட அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"இன்னும் மூணு வருஷம்தானேடி, பொறுத்துக்கோ" என்றாள் அம்மா. சலவைக் கடையில் நாள் முழுக்க இஸ்திரிப் பெட்டியோடு நிற்கிறவள். பொறுமையைப் பற்றிப் பேச அவளுக்குத் தகுதி இருந்தது.

"மூணு வருஷமும் முயலையே படிக்கணுமாம்மா?"

"எங்கிட்ட கேட்டா? உங்க மீசைக்காரர்கிட்ட கேளு."

மீசைக்கார நூலகரிடம் கேட்டாள். அவர் சட்டம் போட்ட கண்ணாடியைச் சுட்டிக்காட்டினார். கீழ்த்தளத்தில் அவள் இன்னும் படிக்காமல் இருந்தது அது ஒன்றுதான் என்பதால் அதையும் படித்தாள். ஒரு மாதத்தில் அறுபத்து நான்கும் மனப்பாடம்.

அப்போதுதான் போட்டி வந்தது. கதை, கவிதை, ஓவியம், எது வேண்டுமானாலும் அனுப்பலாம். முதல் பரிசு ஒரே ஒரு மேல்தள உறுப்பினர் அட்டை. வயது பார்க்காமல் கொடுக்கப்படும். அறிவிப்புப் பலகையில் அதைப் படித்த துருவி, பை கூட இறக்காமல் அங்கேயே நின்றாள். அன்றைக்கே எழுத உட்கார்ந்தாள்.

போட்டிக்குத் தனியாகப் பதினாறு விதிகள் இருந்தன. பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும். தலைப்பு "நூலகமே என் வாழ்வின் கலங்கரை விளக்கம்". சமகாலக் கவிதையில் பழக்கம் உள்ளவர்களுக்குக் கூடுதல் மதிப்பெண். எடுத்துக்காட்டாக 'மௌனத்தின் முழங்கை' என்ற தொகுப்பிலிருந்து மேற்கோள் காட்டலாம். அந்தத் தொகுப்பை எழுதியவர் யார் என்று விதியில் சொல்லவில்லை. அடக்கம். ஆனால் தொகுப்பின் பின்னட்டையில் அவருடைய மீசை முழுதாக இருந்தது.

தொகுப்பு மேல்தளத்துக்கு உரிய புத்தகம் என்பதும், போட்டியாளர் ஒருவர்கூட மேல்தளத்துக்குப் போக முடியாது என்பதும் விதி எழுதும்போது அவருக்குத் தோன்றவில்லை.

கடைசி நாளுக்குள் முப்பத்தெட்டு உறைகள் வந்தன. நூலகர் அவற்றைத் தொடவில்லை. அவருக்கு வரவேற்புரை வேலை தலைக்குமேல் இருந்தது. ஒரு மாதம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எழுதினார். முடிவு அறிவிக்கும் நாள் காலையில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்துவிட்டு, சாயங்காலம் மேடையேறலாம் என்பது திட்டம்.

அந்த நாள் வந்தது. காலை பத்து மணிக்குப் பேனாவின் மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"அதையெல்லாம் எடுத்துட்டு வாங்கம்மா."

"எதை சார்?" என்றார் முத்திரை அக்கா.

"போட்டிக்கு வந்ததை."

"அது வெளிய போயிருக்கு சார்."

"வெளியன்னா?"

"ஒருத்தர் எடுத்துட்டுப் போயிருக்கார். வியாழக்கிழமை திரும்பி வரணும்."

நூலகர் பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

நடந்தது இதுதான். எழுத்து வடிவில் வாசலுக்குள் நுழையும் எதுவும் அன்றே முத்திரை குத்தப்பட்டுப் பதிவேட்டில் ஏற வேண்டும் என்பது விதி மூன்று. முத்திரை அக்கா இருபத்திரண்டு வருடங்களாக அதை மீறியதில்லை. மின்விசிறி மாட்ட வந்தவர் எழுதிக் கொடுத்த மதிப்பீட்டுத் தாளைக்கூட முத்திரை குத்தித் தொழில்நுட்ப அடுக்கில் வைத்திருக்கிறார். அதை இதுவரை இரண்டு பேர் எடுத்துப் படித்திருக்கிறார்கள். அப்படியிருக்க, முப்பத்தெட்டு உறைகளை விடுவாரா? பிரித்தார், குத்தினார், எண் போட்டார். பைண்டர் அண்ணன் ஓவியங்களை நடுநடுவே வைத்துத் தைத்து, பச்சை அட்டை போட்டு ஒரே தொகுதியாக்கிக் கொடுத்தார். பதிவேட்டில் தலைப்பு: 'போட்டிக்கு வந்தவை'. ஆசிரியர்: முப்பத்தெட்டுப் பேர், பெயர்கள் தனி உறையில். இடம்: மேல்தளம்.

"அதை ஏம்மா மேல்தளத்துல வச்சீங்க?"

"கீழ பெரிய எழுத்துப் புத்தகம் மட்டும்தான்னு விதி ஒன்பதுல எழுதியிருக்கீங்க சார். இந்தப் பிள்ளைங்க கையெழுத்து சின்னது."

"எத்தனை பேர் எடுத்தாங்க?"

அக்கா அட்டையைப் பார்த்தார். "இதுவரைக்கும் ஆறு. இன்னும் எட்டுப் பேர் முன்பதிவு பண்ணிக் காத்துக்கிட்டிருக்காங்க."

நூலகர் அட்டையை வாங்கித் தாமே எண்ணிப் பார்த்தார். ஒரு மாதத்தில் ஆறு பேர் எடுத்த புத்தகம் அந்தக் கட்டடத்தில் கிடையாது. சமையல் குறிப்பு ஒன்றைத் தவிர.

சாயங்காலம் கீழ்த்தளக் கூடம் நிரம்பிவிட்டது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள், அவர்களைப் பெற்றவர்கள், கொட்டாவி விடும் தம்பி தங்கைகள். துருவியின் அம்மா கடையிலிருந்து நேராக வந்து, கால் வலிக்குக் கடைசி வரிசை நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள். துருவி உட்காரவில்லை. படிக்கட்டின் அடியில், கண்ணாடிச் சட்டத்துக்குப் பக்கத்தில் நின்றாள்.

புத்தகம் எடுத்தவரும் வந்திருந்தார். ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர். பச்சைத் தொகுதியைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். நூலகர் மேடையை விட்டு இறங்கி அவரிடமே போனார்.

"ஐயா, அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் கொடுக்கிறீங்களா?"

"வியாழக்கிழமை தர்றேன் தம்பி."

"நான் முதன்மை நூலகர்."

"நல்லாருங்க. எனக்கு இன்னும் நாலு கதை பாக்கி இருக்கு. அந்தப் படிக்கட்டுக் காவல்காரன் கதை ஒண்ணு வருது பாருங்க, சிரிச்சு சிரிச்சு எனக்கு வயிறு புடிச்சிக்கிச்சு. இருபது வருஷமா படிக்கட்டுக்குக் காவல் நிக்கிறான், ஒருத்தரையும் ஏற விடமாட்டேங்கிறான். மேல என்ன இருக்குன்னு அவனுக்கே தெரியாது!"

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். துருவி கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்துக்கொண்டாள்.

நூலகர் அக்காவிடம் குனிந்து மெல்லக் கேட்டார். "அந்தக் கதை யாரைச் சொல்லுது?"

"யாரையும் சொல்லல சார். மீசை மட்டும் லேசா ஒத்துப்போகுது."

நூலகர் மேடைக்குத் திரும்பினார். ஒலிவாங்கியைத் தட்டினார். படைப்புகள் தற்சமயம் வாசகர்களிடம் இருப்பதாலும், நடுவர் அவற்றை இன்னும் படிக்கவில்லை என்பதாலும், போட்டி காலவரையறையின்றித் தள்ளிவைக்கப்படுகிறது. பரிசு அட்டையும் அவ்வாறே. வரவேற்புரை மட்டும் திட்டமிட்டபடி நடைபெறும். பதினெட்டுப் பக்கம்.

பிள்ளைகள் முனகினார்கள். துருவிக்குக் காலவரையறையின்றி என்றால் என்னவென்று தெரியும். மூன்று வருடம், முயல், கேரட்.

கையைத் தூக்கினாள்.

"சார், ஒரு சந்தேகம்."

"பேச்சு முடிஞ்சதும் கேளு பாப்பா."

"முடியறதுக்குள்ள எனக்குப் பதினெட்டு ஆயிடும் சார்."

இந்த முறை எல்லோரும் சிரித்தார்கள். கடைசி வரிசையில் அம்மா "அடியே!" என்றாள், ஆனால் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"என்ன சந்தேகம்?"

"நான் எழுதின கதை இப்ப எந்தத் தளத்துப் புத்தகம்?"

"மேல்தளம்."

"நான் அதை எடுத்துப் படிக்கலாமா?"

"விதி எட்டு. பதினெட்டு வயசு ஆகணும்."

"எழுதினதே நான்தான் சார்."

"எழுதறதுக்கு வயசு வரம்பு கிடையாது. படிக்கிறதுக்கு உண்டு" என்றார் நூலகர். சொன்ன பிறகு, சொன்னது சரியாகத்தான் இருக்கிறதா என்று அவருக்கே கொஞ்சம் யோசனை வந்தது.

"சரி சார். அப்ப விதி ஐம்பத்திரண்டு?"

நூலகரின் முகம் மாறியது. விதி ஐம்பத்திரண்டு அவருக்கு மிகவும் பிடித்த விதி. 'மௌனத்தின் முழங்கை' அச்சாகி வந்த வாரம் எழுதியது. துருவி சட்டத்தைத் திரும்பிப் பார்க்காமலே ஒப்பித்தாள்.

"இந்நூலகப் பதிவேட்டில் இடம்பெற்ற நூலின் ஆசிரியர் எவராயினும், வயது, பதவி, உடை என்னும் வேறுபாடு ஏதுமின்றி, எழுத்தாளர் அட்டை பெறுவார். அவர் எத்தளத்துக்கும் எந்நேரமும் படியேறலாம். அவர் வருகையில் ஊழியர் அனைவரும் எழுந்து நிற்க வேண்டும்."

"அது எழுத்தாளர்களுக்கு" என்றார் நூலகர்.

"பதிவேட்டுல இருக்கா சார்?"

நூலகர் அக்காவைப் பார்த்தார். அக்கா பதிவேட்டைப் பார்த்தார்.

"இருக்கு சார். ஆசிரியர், முப்பத்தெட்டுப் பேர்."

"அடிச்சிடுங்க."

"விதி நாலு சார். பதிவேட்டில் ஏறியதை எவரும் நீக்கலாகாது. 'எவரும்'க்குக் கீழ நீங்களே கோடு போட்டிருக்கீங்க. ரெண்டு கோடு."

நூலகர் கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தார். கோடு இருந்தது. இரண்டு.

"வயசுங்கற வார்த்தையை நான் ஒரு அழகுக்காகப் போட்டேன்" என்றார் ஒலிவாங்கியிலிருந்து விலகாமல்.

"அழகா இருக்கு சார்" என்றாள் துருவி.

பஸ் ஓட்டுநர் கை தட்டினார். பின்னால் பைண்டர் தட்டினார். அதற்குப் பிறகு யார் தட்டினார்கள், யார் தட்டவில்லை என்று பார்க்க வழியில்லை. முத்திரை அக்கா மேசைக்குப் போய்ப் பெயர் உறையைப் பிரித்தார், அட்டைக் கட்டை எடுத்தார், மையைத் தொட்டுக் குத்தத் தொடங்கினார். அவர் கை அவ்வளவு வேகமாகப் போகும் என்று அன்றுவரை யாருக்கும் தெரியாது. அரைமணி நேரத்தில் முப்பத்தெட்டு அட்டைகள்.

பிள்ளைகள் படிக்கட்டில் ஏறினார்கள். ஏறினார்கள் என்பது மரியாதைக்கு, ஓடினார்கள். ஒவ்வோர் எழுத்தாளர் கடக்கும்போதும் அக்கா எழுந்து நின்று உட்கார்ந்தார். பன்னிரண்டாவது ஆளோடு உட்காருவதை விட்டுவிட்டார். நூலகரும் ஊழியர்தான். மேடை நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை அக்கா ஒரு பார்வை பார்த்தார். அவரும் எழுந்தார்.

துருவி கடைசியாகப் போனாள். முதல் படியில் நின்று அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"போடி, போ. எட்டு மணிக்கு இறங்கிடு. இல்லன்னா நானே மேல வந்து இழுத்துட்டுப் போவேன்."

"உனக்குப் பதினெட்டு ஆச்சாம்மா?"

"வாயைப் பாரு!" என்றாள் அம்மா. பக்கத்து நாற்காலிக்காரியிடம், "என் பொண்ணுதான்" என்றும் சொன்னாள். யாரென்று அவள் கேட்டிருக்கவில்லை.

மேல்தளத்தில் என்ன இருந்தது? அடுக்கு, அடுக்குக்குப் பின்னால் அடுக்கு, சின்ன எழுத்து, படமே இல்லாத பக்கங்கள். துருவி அரைமணி நேரம் எதையும் எடுக்காமல் விரலால் முதுகுகளைத் தடவிக்கொண்டே நடந்தாள். பிறகு வெறுங்கையோடு கீழே இறங்கி வந்து நூலகர் முன்னால் நின்றாள். அவர் விதிப்படி எழுந்தார்.

"முதல் முதலா எடுக்கிறது உங்க புத்தகமா இருக்கட்டும்னு பார்த்தேன் சார். உங்க விதியாலதானே மேல போனேன். கவிதை அடுக்குல அதுக்கான இடம் காலியா இருக்கு."

கேலியா, நன்றியா என்று அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. நூலகருக்கு அது தேவையும் படவில்லை. காலியாக இருக்கிறது! அவருடைய மீசை சாயங்காலத்தில் முதல் தடவையாக நிமிர்ந்தது. ஒலிவாங்கியை இழுத்தார்.

"பெற்றோர்களே, ஒரு நிமிஷம்! 'மௌனத்தின் முழங்கை' தற்போது ஒரு வாசகர் கையில் இருக்கிறது. நல்ல நூல் அடுக்கில் தங்காது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? அந்த வாசகர் யாருன்னு பதிவேட்டைப் பார்த்து எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்கம்மா."

முத்திரை அக்கா பக்கங்களைப் புரட்டினார். கொஞ்சம் பின்னால் போனார். இன்னும் பின்னால் போனார். வேறொரு பழைய பதிவேட்டை எடுத்தார். அதில் விரல் வைத்து, ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் வாயைக் கொண்டுபோய், அவர் கேட்டபடியே எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்.

"எடுத்தவர், எழுத்தாளர் அட்டை எண் ஒன்று. எடுத்து ஆறு வருஷம் ரெண்டு மாசம் ஆகுது. வேற யாரும் எடுத்ததில்லை."

புத்தகம் நூலகர் மேசையின் இரண்டாவது இழுப்பறையில், தலைவலி மாத்திரைக்கு அடியில் இருந்தது.